சாவிக்கு நிற்காத வண்டி

சம்பந்தியாகப் போகிற குற்றாலலிங்கம் வீட்டுக் கூடத்தில், பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு மகன், ஒரு மகள்" என்று போன வாரம் நான் சொன்னேன். அதைக் கேட்டு அந்தக் கூடத்தில் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. வெற்றிலைத் தட்டைத்தான் என் பக்கம் நகர்த்தினார்கள்.

எனக்குப் பிறந்தவர்கள் மூன்று பேர் என்பது அவர்களுக்கும் தெரியும். மூத்தவள் பூமாரி, எங்கள் கார் டிரைவர் மூக்காண்டியின் மகன் சங்கரசுப்புவோடு வீட்டை விட்டுப் போனவள். எங்கள் காரில் வண்டி ஓட்டப் பழகியவன் அவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிணற்றடியில் வைத்து அவளைத் தலைமுழுகினோம். நான், என் மனைவி ஆறுமுகத்தாய், மகன் சிவனாண்டி, அப்போது பாவாடை கட்டித் திரிந்த இளைய மகள் ஞானசெல்வி. முதல் குடம் தண்ணீரை என் தலையில் ஊற்றியவள் ஆறுமுகத்தாய்.

நாலு மாதத்துக்கு முன்னால் சங்கரசுப்பு மஞ்சள் காமாலையில் போய்விட்டான் என்று சொல்ல ஆள் வந்தது. வாசலில் நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டேன். போகவில்லை. தலைமுழுகினால் முழுகியதுதான். ஈரம் காய்ந்ததும் மறந்து போவதற்கு அது குளியல் அல்ல.

ஞானசெல்விக்கு வரும் வெள்ளிக்கிழமை புளியங்குடியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா குற்றாலலிங்கம் அந்த ஊரில் எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர். அவர் இரண்டு விஷயம் சொன்னார். மூத்தவளோடு எந்த விதத்திலும் போக்குவரத்து இருக்கக் கூடாது. இன்னொன்று, பெண்ணை எங்கள் பிளைமவுத் காரில்தான் கூட்டி வர வேண்டும். மண்டித் தெரு வழியாக, சுமைதூக்குகிறவர்கள் முதல் ஏலம் கேட்கிறவர்கள் வரை பார்க்க வர வேண்டும்.

"பிளைமவுத் வீட்டுல சம்பந்தம் பண்ணிட்டு, வாடகைக் காருல பொண்ணு வந்து எறங்குனா நல்லாவா இருக்கும்?" என்றார் சிரித்துக்கொண்டே.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பிளைமவுத் வீடு என்றுதான் பெயர். என் அப்பா மெட்ராஸில் வாங்கி, தானே கூட உட்கார்ந்து கொண்டுவந்த கார். கறுப்பு நிறம். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். கோவில் ரத வீதியில் அது போனால் சத்தம் கேட்டு யாரும் திரும்ப மாட்டார்கள். நிழல் விழுந்த பிறகுதான் திரும்புவார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் அதன் பின்கதவைத் தாமாகத் திறந்து ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. டிரைவர் வந்து திறக்க வேண்டும். அதுவரை உட்கார்ந்திருப்போம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இன்ஜினின் பிளாக் வெடித்துவிட்டது. சாமான் கிடைக்கவில்லை. கார் ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. குற்றாலலிங்கம் கேட்ட பிறகு சிவனாண்டி ஒரு வழி சொன்னான்.

"டீசல் இன்ஜின் மாட்டிருவோம்ப்பா. மெட்டடார் வேன்ல உள்ளது. இப்பம் எல்லாப் பழைய காருக்கும் அதான் மாட்டுதாங்க."

"யாரு வேன்?"

"புளியங்குடிப் பக்கம் ஒண்ணு கெடக்கு. பாடி இத்துப் போச்சு. இன்ஜின் தங்கம்."

விற்றவன் பெயரை நான் கேட்கவில்லை. பழைய இரும்பு விற்கிறவனின் பூர்வீகத்தை விசாரிப்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

அந்தக் காரை ஓட்டிப் பார்க்க நாங்கள் புறப்பட்ட நாள்தான் இது.

விடிகிற நேரம். வெளிச்சம் வந்து ஊர் பார்ப்பதற்குள் போய் வந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஷெட் எங்கள் வீட்டுப் பின்சந்தில் இருக்கிறது. சிவனாண்டி கதவைத் திறந்து பிடிக்க, நான் பின்சீட்டில் ஏறினேன். ஆறுமுகத்தாய் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். கைகள் சுறுசுறுப்பாக இருந்தன. கண்கள் மட்டும் பானெட் மேலேயே இருந்தன. அதை அப்போது பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

சிவனாண்டி சாவியைப் பாதி திருப்பிவிட்டுக் காத்திருந்தான்.

"என்னலே, எடுக்க வேண்டியதுதான?"

"ஹீட்டர் சூடாகணும்ப்பா. டீசல் வண்டி எடுத்ததும் கெளம்பாது."

"அப்பா காலத்துல சாவியத் தொட்டா போதும்."

அவன் இன்னும் கொஞ்சம் பொறுத்து, சாவியை முழுதும் திருப்பினான்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நெல் அரவை மில்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. தட தட தட என்று போய், நடுவில் ஒரு 'டொக்'. மறுபடி தட தட தட, மறுபடி ஒரு 'டொக்'. தொண்டையில் சளி வைத்திருக்கிற கிழவனின் மூச்சு.

"அது என்ன இருமல்?"

"அது அந்த இன்ஜினோட சுபாவமாம். கழட்டிப் பாத்தாச்சு. ஒரு குத்தமும் இல்ல. அது பாட்டுக்கு ஓடும்ன்னு மெக்கானிக் சொல்லிட்டாரு."

தரையை வெட்டி, கியர்க் கம்பியைக் கீழேயிருந்து மேலே கொண்டுவந்திருந்தார்கள். அப்பாவின் காலத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் வெறும் தரையாக இருந்த இடத்தில் இப்போது அந்தக் கம்பியைச் சுற்றி ஒரு ரப்பர் பை துருத்திக்கொண்டிருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே தொங்கும் சின்னக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அது நடுங்கியது. நான் நடுங்கவில்லை, கண்ணாடிதான்.

"கழுகுமலை ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வருவோம்ப்பா" என்றான் சிவனாண்டி. "ரோடு நல்லாருக்கு."

"வெள்ளிக்கிழமை கழுகுமலைக்கா பொண்ணக் கூட்டிட்டுப் போறோம்? புளியங்குடிக்கு விடு."

"அந்த ரோட்டுல குண்டு குழி ஜாஸ்தி. புது இன்ஜினு. மொத நாளே எதுக்கு..."

"குண்டும் குழியும் வெள்ளிக்கிழமை ஓடிப் போயிருமாலே?"

அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். காதோரம் வியர்த்திருந்தது. காலைக் குளிரில் வியர்க்க வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடைகளில் விளக்கு எரிந்தது. நாங்கள் நெருங்கியதும் ஒருவன் கிளாஸை வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தான். கையில் மஞ்சள் பை. கூட ஒரு பெண்ணும் வந்தாள். பானெட்டைத் தட்டினான். எங்கள் பிளைமவுத்தின் பானெட்டை.

"டிரைவரே, புளியங்குடிதான? பின்னால பெரியவரோட நாங்க ரெண்டு பேரு ஒண்டிக்கிடுதோம்."

"டாக்ஸி இல்ல வே" என்றான் சிவனாண்டி.

"டாக்ஸி இல்லையா? சத்தம் டாக்ஸிச் சத்தம்லா இருக்கு." அவன் குனிந்து என்னைப் பார்த்தான். "பெரியவரே, நீரு எவ்வளவு பேசினீரு?"

"நீ எடுலே" என்றேன் மகனிடம்.

கார் நகர்ந்தது. பின்னால் அந்த ஆள் தன் மனைவியிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "கெழவனாரு தனியா புடிச்சிட்டுப் போறாரு. நல்ல வரும்படி போல."

எங்கள் அப்பா உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து, வாடகைக்குப் பிடித்த கிழவன் என்று பெயர் வாங்கினேன். சிவனாண்டி சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி காட்டியது.

ஊரைத் தாண்டியதும் அவன் வேகம் கூட்டினான். ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பொய் எழுத வரவில்லை. வண்டி இழுத்தது. குளத்தங்கரை மேட்டில் பழைய இன்ஜின் மூச்சு வாங்கும். மூக்காண்டி கியரைக் குறைத்து, ஒரு முருகா சொல்லித்தான் ஏற்றுவான். இது மேடு வந்ததைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. எதிரே மலை நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஞானசெல்வி பட்டுப் புடவையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்று கூடத் தோன்றியது.

"போகுதுலா?" என்றான் சிவனாண்டி.

"போகுது."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கே அவன் முதுகு நிமிர்ந்தது.

புளியங்குடிக்கு முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் எலுமிச்சைத் தோட்டங்கள் வந்துவிடும். பறித்த பழத்தை மூடையில் கட்டி, தோட்டக்காரர்கள் விடியற்காலையில் ரோட்டோரம் காத்துக் கிடப்பார்கள். மண்டிக்கு ஏற்றிப் போகிற வேன்கள் இருட்டோடு வரும். இருட்டில் விளக்கு மட்டும்தான் தெரியும். எந்த வேன் என்று தெரியாது. அதனால் அவர்கள் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். தன் வேன் சத்தம் தூரத்தில் கேட்டால்தான் எழுந்து மூடைக்குத் தலைகொடுப்பார்கள். மற்ற வண்டிக்கு அசையமாட்டார்கள். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு வளைவில் திரும்பியபோது ரோட்டோரம் ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டார்கள். வயதான ஒரு பெண் நடு ரோட்டுக்கே வந்து, கையை உயர்த்தி நின்றாள். சிவனாண்டி பிரேக்கை மிதித்தான்.

"ஏ சங்கரசுப்பு" என்று சொல்லிக்கொண்டே அவள் விளக்கைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்தாள். வந்தவள் காரைப் பார்த்ததும் நின்றாள். உயர்த்திய கை அப்படியே வாயை மூடிக்கொண்டது.

பின்னால் ஒருவன் கேட்டான். "என்ன பேச்சித்தாயக்கா, ஏத்தலாமா?"

"இது வேற வண்டி மக்கா" என்றாள் அவள். பிறகு சிவனாண்டியிடம் குனிந்தாள். "யாரு வே நீங்க? இது சங்கரசுப்பு வண்டிச் சத்தம்லா. உங்க வண்டிக்கு எப்படி வந்தது?"

"இல்லக்கா. எல்லா டீசல் வண்டியும் ஒரே சத்தந்தான்."

"யாருகிட்ட சொல்லுத? அந்த டொக்கு வேற எந்த வண்டியில இருக்கு? நாலு மாசமா இந்தச் சத்தம் இல்லாம பஸ்காரன் கால்ல விழுந்து கெடக்கோம். அந்தப் புள்ள செத்தான்னு மாலை போட்டவ நான். இப்பம் சத்தம் கேட்டதும், அதையும் மறந்து எந்திரிச்சி ஓடி வாரேன் பாத்துக்கோ."

அவள் அழவில்லை. பானெட்டை ஒரு தடவை தொட்டுவிட்டு ஓரமாகப் போய், மூடை மேல் உட்கார்ந்தாள். மற்றவர்களும் மூடைகளை இறக்கி வைத்தார்கள்.

நான் கண்ணாடியில் சிவனாண்டியைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

"ஏலே."

"அப்பா."

"யாரு வேன் அது?"

தட தட தட, டொக்.

"அத்தான் வேன்தான்" என்றான்.

அத்தான் என்ற சொல்லை எங்கள் வீட்டு மனிதன் ஒருவன் அவனைக் குறித்துச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"அவகிட்டப் போயி வாங்கினியா?"

"நல்ல இன்ஜின்னு இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். அவ பழைய இரும்புக்குப் போட இருந்தா. அதான் நான் எடுத்தேன். செத்தவங்கிட்டக் கூட வாங்கக் கூடாதாப்பா?"

"வண்டியத் திருப்பு."

"இங்கன திருப்ப முடியாது."

"திருப்புன்னு சொல்லுதேன்."

"இந்த நீளத்துக்கு இந்த ரோட்டுல எப்படிப்பா திரும்பும்? ரெண்டு பக்கமும் வாய்க்கா. ஊர் முகப்புல அரவை மில் முன்னாலதான் எடம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னான். "அதுக்குத்தான் கழுகுமலை ரோட்டுக்குப் போவோம்ன்னு சொன்னேன்."

அரவை மில்லுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேன் வைத்திருக்கிறவன் வேன் திரும்புகிற இடத்தில்தானே வீடு பார்ப்பான்.

நன்றாக விடிந்துவிட்டது. மில் இன்னும் திறக்கவில்லை. எதிரே ஓட்டு வீடுகள் ஒரு வரிசை. ஒரு வீட்டின் முன்னால் மட்டும் நாலு சக்கரத்தின் தடம் மண்ணில் ஆழமாக இறுகிக் கிடந்தது, வண்டி இல்லை.

சிவனாண்டி முன்னால் விட்டான், பின்னால் எடுத்தான், மறுபடி முன்னால் விட்டான். பழைய ஸ்டியரிங், லேசில் வளையாது. இன்ஜின் தெரு முழுவதற்கும் கேட்கும்படி உறுமியது. இரண்டு வீட்டில் ஜன்னல் திறந்தது. பிறகு அந்த வீட்டுக் கதவு திறந்தது.

பூமாரி வெளியே வந்தாள். தோசை மாவு ஒட்டிய கையோடு வந்தாள். ஓடி வந்தாள் என்று சொல்ல முடியாது. வாசல்படி வரை ஓடி, அங்கே நின்றாள். அவள் முகத்தில் ஒரு கணம் இருந்ததை நான் பார்த்தேன். பிறகு காரைக் கண்டாள். அவள் பள்ளிக்கூடம் போன கார். பின்கண்ணாடியில் விரலால் பெயர் எழுதி என்னிடம் அடி வாங்கிய கார். அவள் புருஷன் சத்தத்தோடு நிற்கிறது.

ஏழு வருஷத்தில் இளைத்திருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

"நிறுத்து" என்றேன்.

திருப்புவதா நிறுத்துவதா என்று சிவனாண்டி விழித்தான். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளை வாவென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் முன்சீட்டுக்கு மேலே குனிந்து, சாவியைத் திருப்பி உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

இன்ஜின் நிற்கவில்லை.

சாவி என் கையில் இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தட தட தட, டொக். என் வாழ்நாளில் எங்கள் வீட்டுப் பொருள் ஒன்று இப்படி என் கையை மதிக்காமல் நடந்ததில்லை. இல்லை, ஒரே ஒரு தடவை நடந்திருக்கிறது.

"என்னலே இது?"

"டீசல் வண்டி சாவிக்கு நிக்காதுப்பா. ஸ்டாப் கம்பிய இழுக்கணும்." அவன் கை டேஷ்போர்டின் அடியில் தடவியது. பதற்றத்தில் கிடைக்கவில்லை.

அதற்குள் பூமாரி வந்துவிட்டாள். டிரைவர் பக்க ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டாள். பார்க்கவே இல்லை, கை நேராகப் போனது. வேனிலிருந்து கழற்றி அதே இடத்தில் மாட்டியிருந்த குமிழைப் பிடித்து இழுத்தாள். பச்சையும் வெள்ளையுமாக, கூடை பின்னுகிற பிளாஸ்டிக் வயரால் அந்தக் குமிழை நெருக்கமாகப் பின்னியிருந்தது.

இன்ஜின் ஒரு தடவை குலுங்கி நின்றது. தெரு அமைதியானது. அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது. அதை அவள் கையிலிருந்து வாங்க வேண்டியதாகிவிட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தம்பியிடம் கேட்டாள்.

"ஹீட்டர் போட்டுத்தான எடுத்த?"

"போட்டுத்தான் யக்கா."

"போடாம எடுத்திராத. அவுக அதுக்கு மட்டும் அவசரப்படவே மாட்டாக." கையிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள். "பெரியவுககிட்டக் கேளு, தண்ணி வேணுமான்னு."

நான் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நானும் அவனிடமே சொன்னேன். "வேண்டாம்ன்னு சொல்லு."

"வேண்டாமாம்" என்றான் அவன், பாவம்.

"வெள்ளிக்கிழமை ஞானசெல்வி இதுலதான் வாராளா?"

அவன் தலையை ஆட்டினான்.

அன்றைக்கு வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவளே சொன்னாள்.

"அன்னைக்கு நான் வெளிய வர மாட்டேன்னு சொல்லு. கதவ அடச்சிக்கிடுதேன். உள்ள இருந்தா சத்தம் கேக்கும். போதும்."

அப்படிச் சொன்னபோது அவள் நின்ற நிலையைப் பார்த்தேன். கழுத்தை நிமிர்த்தி, இரண்டு தோளும் நேராக, யாரிடமும் எதையும் கேட்காதவளாக நின்றாள். அந்த நிற்கிற வகை எங்கள் வீட்டு வகை. அதை எடுத்துக்கொண்டு போக அவளுக்கு உரிமை கிடையாது.

ஒரு சைக்கிள் வந்து வேகம் குறைத்தது. கேரியரில் வெற்றுச் சாக்குகள். குற்றாலலிங்கத்தின் மண்டியில் மூடை தூக்குகிற ஆள். போன வாரம் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவன். அவன் காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பின்சீட்டில் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேகமாக மிதித்தான்.

"சாவியக் குடுங்கப்பா" என்றான் சிவனாண்டி, பின்னால் கையை நீட்டி.

கொடுத்தேன். கிளம்புவதற்கு மட்டும் சாவி வேண்டும்.

திரும்பி வரும்போது மறுபடி அந்தத் தோட்டத்தைத் தாண்டினோம். பேச்சித்தாயும் மற்றவர்களும் அங்கேயே இருந்தார்கள். இந்த முறை யாரும் எழவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள்.

"இத இன்னைக்கே கழட்டு. பழைய இன்ஜினக் கொண்டு மாட்டு."

"அது தூத்துக்குடிக்கு இரும்புக்குப் போயாச்சுப்பா. இந்நேரம் உருக்கியிருப்பான்."

"அப்பம் வாடகைக் கார் பேசு."

"சம்பந்தி பிளைமவுத்துதான் வேணும்ன்னு சொன்னாருலா. நீங்களும் சரின்னு வாக்குக் குடுத்துட்டீங்க."

"மண்டித் தெருவுல இதக் கொண்டு போனா, மூடை தூக்குத ஒவ்வொருத்தனும் சொல்லுவான்லே, யாரு வண்டி வருதுன்னு. பொண்ணு உள்ள உக்காந்திருப்பா. சங்கரசுப்பு வந்துட்டான்னு எந்திரிப்பானுவ."

"எந்திரிப்பானுவதான்" என்றான்.

அவன் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. இதைத் தெரியாமல் செய்தானா, தெரிந்தே செய்தானா? கண்ணாடியில் தேடினேன். கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது, அதில் எவன் முகமும் சரியாகத் தெரியவில்லை.

கார் இல்லாமல் போனால் ஒரு வாக்கு போகிறது. காரோடு போனால் இன்னொரு வாக்கு போகிறது. இரண்டும் நான் கொடுத்தவை.

ஊருக்குள் வரும்போது வெயில் ஏறிவிட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் நான் கோவிலில் இருப்பேன். காலைப் பூஜைக்குப் போனால் பத்து மணிக்கு முன் வீடு திரும்புவதில்லை. எத்தனையோ வருஷமாக இருக்கிற பழக்கம்.

எங்கள் பின்சந்து முனையில் தறிக்காரர்கள் சாயம் போட்ட நூலைக் குறுக்கே கட்டிக் காயவைத்திருந்தார்கள். அவர்கள் அதைச் சுருட்டும்வரை நிற்க வேண்டியதாயிற்று. சிவனாண்டி இன்ஜினை நிறுத்தவில்லை. தட தட தட, டொக். சந்து குறுகல், சத்தம் இரண்டு சுவரிலும் மோதி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போனது.

நூல் விலகியது. கார் உள்ளே திரும்பியது.

எங்கள் வீட்டுப் பின்கதவு திறந்து ஆறுமுகத்தாய் வெளியே வந்தாள். செருப்பு இல்லை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். வேகமாக வந்தாள். இந்த வயதில் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஷெட்டுக்கு வரவில்லை. ஷெட்டைத் தாண்டி, வேப்பமரத்தடியில் போய், ஒரு வண்டி வந்து நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றாள். பல தடவை நின்று பழகிய இடத்தில் நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

கையில் ஒரு வயர் கூடை. கூடைக்குள் தூக்குச்சட்டி. மூடியின் இடுக்கில் ஆவி வந்தது.

பிறகுதான் கறுப்பு பானெட்டைப் பார்த்தாள். பின்சீட்டில் என்னைப் பார்த்தாள்.

அந்தக் கூடை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் பழம் வைத்துக் கோவிலுக்குக் கொண்டு போவாள். மற்ற நாளில் எங்கள் அடுக்களை ஆணியில் தொங்கும். அதன் கீழே உட்கார்ந்துதான் நான் சாப்பிடுவேன். பச்சையும் வெள்ளையும். நெருக்கமான பின்னல்.

சிவனாண்டி காரை வேப்பமரத்தடியில் நிறுத்தினான். நான் சொல்லாமல்.

"சத்தம் கேட்டது" என்றாள் ஆறுமுகத்தாய். "கை நிக்கல."

"எத்தன வருஷமா?"

"அவ போன மறுமாசத்துல இருந்து. ரயிலடிக்கு மூடை ஏத்த வரும்போது, நீங்க கோவில்ல இருக்குத நேரமாப் பாத்து, இந்தச் சந்துல வந்து வாங்கிட்டுப் போவாரு அந்தப் பிள்ளை. வாரத்துக்கு ஒருக்க."

"நீதான மொதக் கொடம் ஊத்துன."

"ஊத்துனேன். உங்க தலையில."

சந்து முனையில் நூல் கட்டுகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அவன் செத்துட்டான். சோத்த உள்ள கொண்டு வையி."

"அவருதான் செத்தாரு" என்றாள். "அவ சாகலையே."

அவள் பின்ஜன்னல் பக்கம் வந்தாள். கூடையை உள்ளே நீட்டி என் பக்கத்தில், வெள்ளிக்கிழமை ஞானசெல்வி உட்கார வேண்டிய இடத்தில் வைத்தாள். சாய்ந்துவிடாமல் என் அங்கவஸ்திரத்தின் நுனியை மடித்து அதற்கு அண்டைகொடுத்தாள்.

"ஆறிப் போறதுக்குள்ள கொண்டு குடுங்க."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மரத்தடியிலேயே நின்றாள்.

சிவனாண்டி கியரில் கை வைத்திருந்தான். முன்னால் போனால் ஷெட். பின்னால் எடுத்தால் ரோடு. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் கதவைத் திறந்து பிடிக்க யாரும் வரவில்லை. தொடையில் சூடு பட, அந்த இருமல் சத்தத்தில் குலுங்கிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.